போடாதே, வை

திருவண்ணாமலையில் ஒருவர் வெறுங்காலோடு நடந்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானவர்கள் மலையை வலம் வருகிறார்கள். 14 கிலோமீட்டர் பாதை, பெரும்பகுதி தார்ச்சாலை. செருப்பை எங்கோ விட்டுவிட்டு, பேரக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டுகூடச் சிலர் விடிவதற்குள் சுற்றி முடித்துவிடுவார்கள். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த நான், நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, வெறுங்காலில் நடப்பதை ஆசிரியர் வைத்து அடிப்படையிலிருந்து கற்றேன். எனக்கு ஆசிரியர்கள் இரண்டு பேர். ஒருவர் பிசியோதெரபிஸ்ட், என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். இன்னொருவர் செங்கம் சாலையோரம் பூ விற்கும் ஆயா. இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. ஆனால் ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் பிடித்துக்கொண்டார்.

நான் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. நாளின் பெரும்பகுதி சிமெண்டுத் தரையில் நின்றுகொண்டே போகும். பாதம் சிறுவயதிலிருந்தே தட்டை. முப்பதுகளின் நடுவில் குதிகால் வலி தொடங்கியது. காலையில் கட்டிலைவிட்டு இறங்கி வைக்கும் முதல் அடியில் குதிகாலின் உட்புறம் சுரீரென்று குத்தும். கொஞ்சம் நடந்தால் அடங்கும், மதியத்துக்குள் திரும்பி வரும். எலும்பு டாக்டர் எம்.சி.ஆர். செருப்பு எழுதிக்கொடுத்தார். அந்த மெத்தென்ற ரப்பர் உண்மையிலேயே வலியைத் தணித்தது, அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். வீட்டுக்குள்ளேயும் அதைப் போட்டுக்கொண்டே நடந்தேன். வருடங்கள் போகப் போக, அது இல்லாமல் சமையலறையில் தோசை சுட்டு முடிக்கும்வரை நிற்க முடியாத நிலை வந்தது. கோயிலுக்குப் போனால் முதல் பிராகாரத்திலேயே உட்கார இடம் தேடுவேன். வலிக்கு ஆறுதல் தேடிய காலம் முடிந்து, காலுக்குப் பலம் தேடவேண்டும் என்று தோன்றியது அப்போதுதான்.

பிசியோதெரபிஸ்ட் மேடம் முதல் நாளில் எந்தப் பயிற்சியும் தரவில்லை. பார்த்தார், அவ்வளவுதான். அவருடைய அறை பழைய வீடு ஒன்றின் முன்கூடம். தரை சிவப்பு சிமெண்டு. பாதத்தை ஈரமாக்கிக்கொண்டு அதில் நடக்கச் சொன்னார். பாதத்தின் நடுப்பகுதியில் உட்புறமாக இருக்கவேண்டிய இடைவெளி என் ஈரத்தடத்தில் இல்லை. முழுப் பாதமும் பதிந்திருந்தது, வலது காலில் இன்னும் அகலமாக. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் எழும்பச் சொல்லிப் பின்னாலிருந்து கவனித்தார். எழும்பியதும் வளைவு தோன்றியது. நிற்கும்போதே என் பெருவிரலை மட்டும் கையால் மேலே தூக்கினார். அப்போதும் வளைவு எழுந்தது. "நல்லது டீச்சர். உங்க பாதம் இறுகிப்போன தட்டை இல்ல, வளையுற தட்டை. இதுகூட வேலை செய்யலாம்" என்றார். எழும்பினாலும் வளைவு வராத, விறைத்துப்போன பாதமாக இருந்தால் தான் எதையும் தொடங்காமல் டாக்டரிடமே திருப்பி அனுப்பியிருப்பேன் என்றும் சொன்னார்.

அடுத்து மெல்லிய நைலான் இழை ஒன்றை எடுத்து, என் கண்ணை மூடச் சொல்லி, உள்ளங்காலில் அங்கங்கே தொட்டார். 10 கிராம் அழுத்தத்தில் வளையும்படி செய்த இழை அது. தொடும் இடத்தையெல்லாம் நான் சரியாகச் சொல்லவேண்டும். சொன்னேன். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இருக்கிறது. அன்று துணைக்கு வந்திருந்த அவருக்கும் அதே சோதனை நடந்தது. இரண்டு இடங்களில் அவருக்குத் தெரியவில்லை. "சார், நீங்க வீட்டுக்குள்ளகூட செருப்பக் கழட்டக் கூடாது. கிரிவலம் போனாலும் செருப்போட போங்க, சாமி கோவிச்சுக்காது" என்று அவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஒரே அறை, ஒரே சோதனை. எனக்கு மருந்தாகும் வெறுங்கால் அவருக்கு ஆபத்து. வெறுங்கால் நடையைப் பற்றி யாராவது பொதுவாகப் புகழ்ந்து பேசும்போதெல்லாம் எனக்கு அந்த நைலான் இழைதான் ஞாபகத்துக்கு வருகிறது.

பெருவிரலைத் தூக்கினால் வளைவு ஏன் எழுகிறது என்பதை 1954இல் ஹிக்ஸ் என்ற ஆய்வாளர் விளக்கினார். குதியெலும்பிலிருந்து விரல்களின் அடிவரை உள்ளங்காலில் தடித்த நார்ப்பட்டை ஒன்று ஓடுகிறது. விரல் மேலே மடங்கும்போது அந்தப் பட்டை விரல்மூட்டைச் சுற்றி இழுபடும். இழுபட்டதும் குதியும் முன்பாதமும் நெருங்கும், நடுவில் இருக்கும் எலும்புகள் உயர்ந்து பூட்டிக்கொள்ளும். ஒவ்வோர் அடியின் முடிவிலும் நாம் பெருவிரலை ஊன்றித் தள்ளும்போது இது நடக்கிறது. தரையைத் தொடும் நேரத்தில் இளகிக்கொடுக்கும் பாதம், தள்ளும் நேரத்தில் விறைத்து நெம்புகோலாகிறது. என் குதிகாலில் வலித்ததும் இந்தப் பட்டை எலும்பில் ஒட்டும் இடம்தான். வகுப்பில் எலும்புக்கூட்டுப் பாடம் எடுக்கும்போது 206 எலும்புகளில் 52 எலும்புகள் இரண்டு பாதங்களிலும் இருக்கின்றன என்று நான் வருடம் தவறாமல் சொல்வேன். உடம்பின் எலும்புகளில் கால்பங்கு தரைக்கு அருகே ஏன் குவிந்திருக்கின்றன என்ற கேள்வியை மேடம் என் காலைப் பிடித்துக் காட்டிய பிறகுதான் மாணவர்களிடம் கேட்கத் தொடங்கினேன்.

செருப்புதான் பாதத்தைத் தட்டையாக்கியதா என்று மேடத்திடம் கேட்டேன். அதற்குப் பதிலாக அவர் படிக்கச் சொன்னது 1992இல் வெளியான ஓர் ஆய்வு. தென்னிந்தியாவில் ராவ், ஜோசஃப் என்ற இரு மருத்துவர்கள் நான்கு முதல் பதின்மூன்று வயதுவரை உள்ள 2300 குழந்தைகளின் பாத அச்சுகளை எடுத்துப் பார்த்தார்கள். காலணி அணிந்த குழந்தைகளில் 8.6 சதவீதத்தினருக்குத் தட்டைப் பாதம். அணியாதவர்களில் அது 2.8 சதவீதம். விரலை மூடும் ஷூ போட்டவர்களிடம் அதிகம், செருப்பு போட்டவர்களிடம் அதைவிடக் குறைவு, வெறுங்காலர்களிடம் மிகக் குறைவு. குழந்தைகளுக்கு வீட்டிலும் மணலிலும் காலை விடுதலையாக விடவேண்டும் என்று இதைப் படித்தபின் உறுதியாக நம்புகிறேன். ஆனால் நாற்பது வயதில் செருப்பைக் கழற்றினால் தட்டை நிமிர்ந்துவிடும் என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. மேடமும் சொல்லவில்லை. "வளைவு வந்திருக்கான்னு தினம் பாக்காதீங்க டீச்சர். கால் வேலை செய்யுதான்னு மட்டும் பாருங்க" என்பதுதான் அவர் வாக்கு. தட்டைப் பாதத்தோடு வலியே இல்லாமல் வாழ்நாள் முழுக்க வயல்வேலை செய்கிறவர்கள் எத்தனையோ பேர். உருவம் அப்படியே இருக்கட்டும், பலம் வரட்டும் என்றார்.

பயிற்சி உட்கார்ந்தபடிதான் தொடங்கியது. நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைத் தரையில் பதித்து, விரல்களை மடக்காமல், பெருவிரலின் அடிப்பந்தைக் குதியை நோக்கி இழுக்கவேண்டும். பாதம் சற்றே குறுகி, வளைவு மேலே எழும். செக் நாட்டு மருத்துவர் விளாதிமிர் யாண்டா வகுத்த முறை என்றார் மேடம். சொல்லும்போது சுலபமாகத் தெரியும். செய்யப்போனால் விரல்கள் எல்லாம் தரையைப் பிறாண்டும், தாடை இறுகும், மூச்சு நின்றுபோகும். இழுக்கவேண்டிய தசை எதுவோ அது மட்டும் அசையாது. அந்தத் தசையின் பெயர் அப்டக்டர் ஹாலுசிஸ் என்பது எனக்குத் தெரியும். பாதத்தின் உள்ளோரமாக அது ஓடுவதும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? மூளையிலிருந்து அதற்குப் போகும் வழியில் பல வருடங்களாக யாருமே நடக்கவில்லை. மேடம் தன் விரலால் அந்த இடத்தை அழுத்தி, "இங்க, இங்க" என்று தட்டிக்கொண்டே இருந்தார். பல நாள் கழித்து ஒரு மாலை அந்த விரலுக்கு அடியில் ஏதோ துடித்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார். எனக்கும் தெரிந்திருந்தது.

அடுத்தது விரல்கள். நான்கு விரல்களையும் தரையில் வைத்தபடி பெருவிரலை மட்டும் தூக்கவேண்டும். பிறகு பெருவிரலை ஊன்றி மற்ற நான்கையும் தூக்கவேண்டும். இடது காலுக்குச் சீக்கிரம் வந்தது. வலது காலில் ஐந்தும் ஒன்றாகவே எழுந்தன. கையால் பிடித்து உதவலாம் என்று அனுமதி கிடைத்தது. கையால் தூக்கி, விட்டு, மறுபடி தூக்கி, மெல்ல மெல்லக் காலே அதைக் கற்றுக்கொண்டது. வீட்டில் பல்லாங்குழிக்கு வைத்திருந்த புளியங்கொட்டைகளைத் தரையில் கொட்டி, விரலால் ஒவ்வொன்றாகக் கவ்விக் கிண்ணத்தில் போடுவதும் தினசரி வேலையானது. கோலிக்குண்டு வழுக்கும், கூழாங்கல் பெரிது. புளியங்கொட்டைதான் அளவுக்குச் சரி. பல் துலக்கும் நேரத்தில் ஒற்றைக் காலில் நிற்கவேண்டும். முதலில் வலது கால் கணுக்கால்வரை நடுங்கியது. அந்த நடுக்கத்தை நிறுத்தப் பார்க்காதீர்கள், அதுதான் வேலை நடக்கும் சத்தம் என்றார் மேடம்.

இவற்றுக்கெல்லாம் மேலே ஒரு பயிற்சி உண்டு. என் வலியைக் குறைத்தது அதுதான் என்று நான் நினைக்கிறேன். படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் வைத்து, விரல்களுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துக்கொள்ளவேண்டும். மூன்று விநாடியில் மேலே எழும்பி, இரண்டு விநாடி நின்று, மூன்று விநாடியில் இறங்கவேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள். துண்டு விரலை மேலே மடக்குவதால் நார்ப்பட்டை ஏற்கனவே இழுபட்டிருக்கும். அந்த நிலையில் எடையைத் தாங்கப் பழகுகிறது. டென்மார்க்கில் ராட்லெஃப் குழுவினர் குதிகால் வலிக்காரர்கள் 48 பேரிடம் இதைச் சோதித்து 2014இல் எழுதினார்கள். நீட்டிப் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட இப்படி எடை தாங்கியவர்கள் மூன்று மாதத்தில் நன்றாக முன்னேறியிருந்தார்கள். ஒரு வருடம் கழித்து இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதையும் மேடம் மறைக்காமல் சொன்னார். "ஒரு வருஷம் காத்திருக்க வேண்டாமேன்னுதான் இது." ஆரம்பத்தில் இரண்டு காலாலும் எழும்பினேன், பிறகு ஒற்றைக் காலால். இப்போது முதுகில் விடைத்தாள் கட்டு நிரப்பிய பையோடு எழும்புகிறேன்.

காலுக்கு இவ்வளவு பலம் வந்தபிறகும் மேடம் என்னைச் சாலைக்கு விடவில்லை. உணர்வு முதலில் என்றார். இதன் பொருள் எனக்கு விளங்கியது டாக்டர் பால் பிராண்டின் எழுத்தைப் படித்தபோது. 1914இல் கொல்லிமலையில் பிறந்த ஆங்கில மருத்துவர் அவர். 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் சேர்ந்து, தொழுநோயாளிகளின் கைகளுக்கும் கால்களுக்கும் அறுவை சிகிச்சை செய்தவர். எங்கள் ஊரிலிருந்து வேலூர் பஸ்ஸில் இரண்டு மணி நேரம். அங்கே அவர் கண்டறிந்த ஒன்று பாதங்களைப் பற்றிய எண்ணத்தையே மாற்றியது. தொழுநோயாளியின் கால் அழுகுவதற்குக் கிருமி நேரடிக் காரணம் இல்லை, வலி தெரியாமல் போவதுதான் காரணம் என்பது அது. உணர்ச்சியுள்ள ஒருவர் நெடுந்தூரம் நடக்கும்போது தன்னை அறியாமலே நடையை மாற்றிக்கொண்டே இருக்கிறார். ஓரிடம் சூடானால் எடையைச் சற்று வெளிப்பக்கம் தள்ளுகிறார், அடியைக் குறுக்குகிறார், லேசாக நொண்டுகிறார். உணர்ச்சியில்லாத கால் முதல் அடி முதல் கடைசி அடிவரை ஒரே இடத்தில் ஊன்றுகிறது. ஊன்றிய இடம் புண்ணாகிறது. எம்.சி.ஆர். ரப்பர் பாதணிகள் அந்தக் கால்களைக் காப்பாற்றத்தான் வேலூரிலும் அருகிலுள்ள கரிகிரியிலும் பயன்பாட்டுக்கு வந்து பரவின. என் வீட்டுக்காரர் காலில் இன்று இருப்பது அந்தச் செருப்புதான். அதை நான் மரியாதையோடுதான் பார்க்கிறேன்.

என் காலில் உணர்ச்சி இருக்கிறது. ஆனால் அதைக் கேட்டு நடையை மாற்றும் பழக்கம் மங்கியிருந்தது. அதனால் மேடம் வெவ்வேறு தரைகளில் நிற்கவைத்தார். பள்ளி மைதானத்தின் இறுகிய செம்மண், மழைக்குப்பின் அதே மண், வீடு கட்டக் கொட்டிய ஆற்று மணல், புல், கடப்பாக்கல் திண்ணை. ஒவ்வொன்றிலும் கண்ணை மூடி நின்று, எடை எங்கே இறங்குகிறது என்று சொல்லவேண்டும். குதிக்கா, பெருவிரல் பந்துக்கா, சுண்டுவிரல் பந்துக்கா? என் எடை எப்போதும் உள்ளோரத்தில்தான் இறங்கியது. சொல்லச் சொல்ல அது கொஞ்சம் கொஞ்சமாக மூன்று இடத்துக்கும் பங்கிட்டுக்கொண்டது. மணலைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். வெறுங்கால் என்றாலே மணலுக்கு ஓடுகிறார்கள். காய்ந்த மணலில் குதி புதைந்து நார்ப்பட்டை அதிகமாக இழுபடும், வலியுள்ள காலுக்கு அது கடினம். இறுகிய மண்தான் தொடக்கத்துக்கு நல்லது. எங்கள் மைதானத்துச் செம்மண்ணைவிட நல்ல ஆசிரியரை நான் எந்தத் தரையிலும் காணவில்லை.

ஆயாவைத் தெரிந்தது பூவால். தினமும் வாங்குவேன். அவருக்குத் தன் வயது சரியாகத் தெரியாது. பௌர்ணமி தவறாமல் கிரிவலம் போகிறவர், பிறந்ததிலிருந்து செருப்பே போட்டதில்லை. நான் வெறுங்காலில் மைதானத்திலிருந்து வருவதைச் சில நாள் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒருநாள் கூப்பிட்டார்.

"ஏம்மா, கால எதுக்குப் போடுற? வையி."

எனக்குப் புரியவில்லை. நடந்து காட்டச் சொன்னார். நடந்தேன். "கேட்டுதா? தொப்பு தொப்புன்னு. ரோடு என்னா பண்ணுச்சு ஒன்ன?" என்றார். பிறகு கூடையை ஓரம் வைத்துவிட்டுத் தானே பத்தடி நடந்தார். சத்தமே இல்லை. குதி தரையைத் தொட்டது, எடை பாதத்தின் வெளியோரமாக உருண்டு முன்னே போனது, கடைசியில் பெருவிரல் தரையைத் தள்ளிவிட்டு எழுந்தது. ஹிக்ஸ் எழுதியது முழுவதும் அந்தப் பத்தடியில் இருந்தது. அடி குட்டையாக இருந்தது. முழங்கால் ஒருபோதும் முழுக்க விறைக்கவில்லை. நுனிக்காலால் நடப்பதுதான் இயற்கை என்று சிலர் சொல்கிறார்களே என்று மேடத்திடம் முன்பே கேட்டிருந்தேன். ஓடும்போது வெறுங்காலர்கள் பலர் முன்பாதத்தில் இறங்குவார்கள், நடக்கும்போது மனிதக் கால் குதியில்தான் இறங்கும், மெதுவாக இறங்கவேண்டும், அவ்வளவுதான் என்றிருந்தார். அந்த 'மெதுவாக' என்பது எவ்வளவு என்று ஆயாதான் காட்டினார்.

அதிலிருந்து காதால் நடக்கப் பழகினேன். விடிகாலையில் தெரு அமைதியாக இருக்கும்போது என் காலடி எனக்கே கேட்கக் கூடாது. கேட்டால் அடியைக் குறுக்கு, முழங்காலை இளக்கு. இடது கால் விரைவில் மௌனமானது. வலது கால் நெடுநாள் பேசிக்கொண்டே இருந்தது. வளைவைத் தாங்கிப் பிடிக்கும் டிபியாலிஸ் போஸ்டீரியர் தசை அந்தப் பக்கம் பலவீனம் என்று மேடம் முதல் நாளே குறித்து வைத்திருந்தார். ஆயா தசையின் பெயர் எதுவும் அறியாமல், "சோத்துக்கை காலு சோம்பேறிம்மா" என்று அதையே சொன்னார்.

ஆயாவின் உள்ளங்கால் தோல் தடித்துப்போய், குதியோரத்தில் பித்தவெடிப்போடு இருக்கும். அவ்வளவு தடித்த தோலுக்கு என்ன தெரியும் என்று நினைப்போம். ஒருநாள் பேசிக்கொண்டே நடந்தவர் சட்டென்று எடையை இறக்காமல் நிறுத்தி, காலைப் பின்வாங்கினார். அடியில் ஒரு நெருஞ்சி முள். என் கண்ணுக்குக்கூட அது தெரியவில்லை. கென்யாவிலும் அமெரிக்காவிலும் பலரின் பாதங்களைச் சோதித்து 2019இல் வெளியான ஆய்வு ஒன்று இதையேதான் சொல்கிறது: வெறுங்கால் நடையால் தடித்த தோல் பாதுகாப்பைத் தருகிறது, உணர்வைக் குறைப்பதில்லை. அந்த ஆய்வைப் படித்தபோது எனக்கு வியப்பு வரவில்லை, ஆயாவின் கால் முன்பே சொல்லிவிட்டது.

அந்தத் தோல் எனக்கு வர நாளாகும் என்பதால் மேடம் சில விதிகள் வைத்திருந்தார். டெட்டனஸ் ஊசி போட்டிருக்கவேண்டும். செருப்பைக் கழற்றினாலும் அது மஞ்சப்பையில் கையோடு இருக்கவேண்டும். திறந்தவெளிக் கழிப்பிடமாகப் பயன்படும் ஈரமண் பக்கமே போகக்கூடாது, கொக்கிப்புழுவின் இளம்புழு உள்ளங்கால் தோலைத் துளைத்துத்தான் உடம்புக்குள் நுழைகிறது. நான் பாடத்தில் நடத்துவதுதான் இது. மே மாதத் தார்ச்சாலை முற்பகலிலேயே தோலைப் பொசுக்கும். கோயில்களில் தேங்காய்நார் விரிப்பு போடுவதும் தரையில் வெள்ளை பூசுவதும் சும்மா இல்லை. சூரியன் ஏறுவதற்குள் வீடு திரும்பவேண்டும். இரவில் காலைக் கழுவித் துடைத்து, விளக்கடியில் விரலிடுக்குகளைப் பார்த்து, தேங்காயெண்ணெய் தடவவேண்டும். சேற்றுப்புண்ணும் கால் ஆணியும் ஆரம்பத்திலேயே தெரிந்தால்தான் நல்லது. இந்தப் பார்வையையே என் வீட்டுக்காரர் பாதங்களுக்கும் தினமும் செய்கிறேன். அவருக்குத் தெரியாத இடங்களை நான் பார்க்கிறேன்.

எல்லாவற்றிலும் கண்டிப்பான விதி தூரத்தைப் பற்றியது. "தசை வாரக்கணக்குல பலமாகும் டீச்சர், எலும்பு மாசக்கணக்குல. தசை சொல்ற பேச்சக் கேட்டுத் தூரத்தக் கூட்டிடாதீங்க." 1855இல் பிரஷ்ய ராணுவ மருத்துவர் பிரைத்தாப்ட், நெடுந்தூர அணிவகுப்புக்குப் பின் வீரர்களின் பாதம் வீங்குவதைப் பதிவு செய்தார். முன்பாத எலும்புகளில் விழும் மெல்லிய கீறல்தான் அது என்று எக்ஸ்ரே வந்தபிறகு தெரிந்தது. நம் காலத்திலும் நடக்கிறது. மெத்தை ஷூவிலிருந்து மிக மெல்லிய அடியுள்ள ஷூவுக்கு மாறிய ஓட்டக்காரர்களை அமெரிக்காவில் சாரா ரிட்ஜ் குழுவினர் பத்து வாரம் கவனித்து 2013இல் எழுதினார்கள். மாறிய 19 பேரில் 10 பேரின் பாத எலும்பு மஜ்ஜையில் நீர்கோத்திருந்தது. மெதுவாக மாறியவர்களுக்கு வேறு கதை. லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் 2021 ஆய்வில், ஆறு மாதம் அன்றாட நடமாட்டத்தை மெல்லிய காலணியிலேயே செய்தவர்களின் பாத பலம் சராசரியாக 57.4 சதவீதம் கூடியிருந்தது. ஓட்டம் இல்லை, தனிப் பயிற்சி இல்லை, அன்றாட நடைதான். பள்ளிக்கு இப்போது நானும் மெல்லிய தட்டையான தோல் செருப்புதான் போடுகிறேன். எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா 1960இல் ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலில் ஓடி வென்றதை நண்பர்கள் எனக்கு ஆர்வத்தோடு நினைவூட்டுவார்கள். அவரே 1964இல் டோக்கியோவில் ஷூ போட்டுக்கொண்டும் வென்றார். கால் பலமாக இருந்தால் இரண்டும் முடியும் என்பதுதான் எனக்கு அதில் பிடித்த பகுதி.

கிரிவலப் பாதையில் முதலில் ஒரு லிங்கத்திலிருந்து அடுத்த லிங்கம்வரைதான் வெறுங்கால். மீதித் தூரத்துக்கு ஆட்டோ அல்லது செருப்பு. எட்டுத் திசைக்கும் எட்டு லிங்கங்கள் இருப்பது தூரத்தைக் கூட்ட நல்ல அளவுகோலாக அமைந்தது. பௌர்ணமிக் கூட்டம் வேண்டாம், சாதாரண நாளின் விடிகாலை போதும் என்று மேடம் சொல்லியிருந்தார். கூட்டத்தில் அடியின் அளவை நாம் தீர்மானிக்க முடியாது. அக்னி லிங்கத்துக்கும் எம லிங்கத்துக்கும் நடுவே சாலை பரபரப்பு, கண் சாலையிலேயே இருக்கவேண்டும். செங்கம் சாலையைவிட்டு வலப்புறம் திரும்பியதும் மரங்கள் வரும், காலடியில் காய்ந்த புளியிலையும் சின்னச் சின்னக் காய்களும் வரும், அங்கேதான் கால் விழித்துக்கொள்ளும். அடி அண்ணாமலைப் பக்கம் மலையின் உருவம் மாறும்போது எனக்கு எப்போதும் நடை தானாகவே மெதுவாகும்.

வலம் வருகிறவர்கள் சாலையின் இடப்பக்கமாகவே நடக்கவேண்டும், மலையை ஒட்டிய பக்கம் சித்தர்கள் நடக்கும் வழி என்பது ஊர் நம்பிக்கை. நானும் அப்படித்தான் நடந்தேன். சில வாரங்களில் வலது காலின் உட்புறம் மட்டும் களைத்தது. மேடம் வந்து சாலையைப் பார்த்தார். தார்ச்சாலை நடுவில் மேடாக, ஓரத்தில் சரிவாக இருக்கும், மழைநீர் வடிவதற்காக. இடப்பக்கச் சரிவில் நடந்தால் வலது பாதம் மேட்டுப்பக்கம் நின்று உள்நோக்கிச் சாயும். ஏற்கனவே உள்நோக்கிச் சாயும் என் வலது பாதத்துக்கு 14 கிலோமீட்டரும் ஒரே பக்கச் சரிவு. எதிர்த்திசையில் நடந்து ஈடுகட்டவும் வழியில்லை, மலை எப்போதும் வலப்புறம் இருக்கவேண்டும். தீர்வு எளியதாக இருந்தது. இடப்பக்கமே, ஆனால் சாலையை விட்டு நடைபாதையின் மட்டமான கல்லில். நம்பிக்கைக்கும் பங்கமில்லை, காலுக்கும்.

கிரிவலம் எப்படி நடக்கவேண்டும் என்பதற்கு இங்கே வழிவழியாக ஒரு சொல் உண்டு. நிறைமாதக் கர்ப்பிணியான ராணி நடப்பதுபோல நடக்கவேண்டும். குழந்தைப் பருவத்திலிருந்து கேட்டிருக்கிறேன், பக்திக்காகச் சொல்வது என்று நினைத்திருந்தேன். ஆயாவின் பின்னால் நடந்தபோது அதன் உடல் தெரிந்தது. குட்டை அடி, இளகிய முழங்கால், ஒரு கால் எடையை முழுதாக வாங்கிக்கொண்ட பிறகே மறுகால் தரையை விடுவது. வேகமாக நடந்தால் பாதத்துக்குக் கேட்க நேரமில்லை. மெதுவாக நடந்தால் ஒவ்வோர் அடியிலும் அந்தச் சிறு தசைகள் ஒருமுறை கூடுதலாக உழைக்கின்றன. வேர்வை வராத இந்த நடையில்தான் மறுநாள் உள்ளங்காலின் நடுவில் இனிமையான வலி இருக்கும்.

ஈசான்ய லிங்கம்வரை எட்டையும் வெறுங்காலில் முடித்துவிட்டேன். ஆயா அதைக் கேட்டு, "சரி, அடுத்த பௌர்ணமிக்கு வா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பூ கட்டுவதைத் தொடர்ந்தார். காலை முதல் அடியின் குத்தல் போய்விட்டது. தேர்வுக் கண்காணிப்பில் தொடர்ந்து நின்ற நாளின் மாலையில் மட்டும் லேசாக எட்டிப்பார்க்கிறது. ஈரத்தடம் இன்னும் தட்டையாகத்தான் இருக்கிறது. சிவப்புத் தரையில் நடுப்பகுதி கொஞ்சம் ஒடுங்கியிருப்பதாக எனக்குத் தோன்றும், மேடம் ஒப்புக்கொள்வதில்லை. போன வாரம் அவர் ஸ்கிப்பிங் கயிறு வாங்கிவரச் சொன்னார். முதலில் இரண்டு காலும் சேர்ந்து, மிகத் தாழ்வாக, மைதானத்துச் செம்மண்ணில் மட்டும், மொட்டைமாடித் தளத்தில் கூடவே கூடாது. வலது கால் தனியாகக் குதிப்பது அதற்கு அடுத்த பாடமாம். கயிறு என் உயரத்துக்கு நீளமாக இருக்கிறது, கைப்பிடியில் இரண்டு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறேன்.